தூக்கிச் சுமக்கும் கைகளுக்கு என்ன உதவி இருக்கிறது?

பெருமூளை வாதமுள்ள நான்கு வயதுப் பிள்ளையைத் தாய் இடுப்பில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விடலாம். பதினாறு வயதில் அதே பிள்ளையைக் கட்டிலிலிருந்து கிணற்றடிக்குக் கொண்டுபோகவே இரண்டு பேர் வேண்டும். யுத்தத்துக்குப் பின்னர் எங்களுடைய பல வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. கணவர் இறந்திருப்பார், அல்லது காணாமல் ஆக்கப்பட்டிருப்பார். கைகொடுத்த அம்மம்மா, சித்தி, அயலட்டை எல்லாம் இடப்பெயர்வில் சிதறிவிட்டன. 2009 இல் பதுங்குகுழிக்கும் தறப்பாளுக்கும் இடையில் பிறந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்தவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் நான் அடிக்கடி கேட்பது, "இதுக்கெண்டு எங்க தங்கச்சி போய்க் கேக்கிறது?" என்பதைத்தான்.

முதலில் போகவேண்டிய இடம் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாவாக இருந்து 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாக்கப்பட்டது. குடும்பத்துக்கான அஸ்வெசும கொடுப்பனவிலிருந்து இது வேறான வகை. ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக மற்றதைக் கேட்காமல் விடவேண்டாம். கிராம அலுவலரின் சிபாரிசும் அரச வைத்தியரின் அறிக்கையும் கேட்பார்கள். அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தானாக உண்ண முடியுமா, நடக்க முடியுமா, மலசலம் சொல்லத் தெரியுமா என்பதையும் எழுதித்தரச் சொல்லுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதி எடுத்து, ஒப்படைத்த திகதியுடன் வீட்டில் வைத்திருங்கள். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனால் உங்களுடைய கோவைதான் மிஞ்சும்.

பிரதேச செயலக மட்டத்தில் சமுதாயம் சார் புனர்வாழ்வுத் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. பிள்ளை இருக்கும் இடத்துக்கே உதவியைக் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். "எங்கள் பிரிவில் அதற்குப் பொறுப்பானவர் யார்?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

சக்கர நாற்காலி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டு உறவுகள் பிறந்தநாள் நினைவாக நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துப் போவதை நிறையக் கண்டிருக்கிறேன். மனம் நல்லதுதான். ஆனால் அநேகமாக அது பெரியவர்களுக்கான, வைத்தியசாலை வகை நாற்காலி. தலையை நிமிர்த்த முடியாத பிள்ளை அதில் சரிந்து கிடக்கும். முதுகு வளைவு கூடும், மூச்சு முட்டும், புண் வரும். கொடுப்பவர்கள் வாங்குவதற்கு முன்னர் ஒரு பிசியோதெரபி சிகிச்சையாளரிடம் பிள்ளையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தலைக்கும் இடுப்புக்கும் பிடிமானம், கால் வைக்கும் பலகை, முன்னால் தட்டு ஆகியவற்றோடு உள்ளூர்த் தச்சர் செய்யும் மர நாற்காலி பல பிள்ளைகளுக்கு அதைவிட உதவும். செயற்கை அவயவம் தேவைப்படுவோருக்கு யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிறுவனம் இருக்கிறது.

சிகிச்சையைப் பொறுத்தவரை போதனா வைத்தியசாலைக்கோ மாவட்ட வைத்தியசாலைக்கோதான் போகவேண்டும். தமிழில் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இன்னும் மிகக் குறைவு. அவர்களிடம் போவது கதைக்கப் பழக்குவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு எப்படி உணவூட்டுவது என்பதும் அவர்களுடைய வேலைதான். படுத்தபடியே ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். அது திரும்பத் திரும்ப வந்தால் உயிராபத்து. நிமிர்த்தி இருத்தி, தலையைச் சற்று முன்னுக்குச் சாய்த்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகள் ஓரளவு தன் வேலையைத் தான் செய்யும் பிள்ளைகளை ஏற்கின்றன. கோண்டாவில் சிவபூமி போன்ற பாடசாலைகளும் உண்டு. கட்டிலோடு இருக்கும் பிள்ளைக்கு இரண்டுமே எட்டாத தூரம்.

15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 18 ஆனதும் சட்டத்தின் முன் அவர் வளர்ந்தவர். அவருடைய பெயரில் காணியோ வைப்புப் பணமோ இருந்தால் அதை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டி வரலாம். வசதியில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே "எனக்குப் பிறகு" என்று சொல்லி அழாத தாய் அரிது. அதனாலேயே எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

இவ்வளவும் பிள்ளைக்கானவை. பராமரிக்கும் தாய்க்கு என்று தேடினால் பட்டியல் வெறுமையாகிறது. பிரித்தானியாவில் பராமரிப்பாளருக்கெனத் தனிக் கொடுப்பனவு உண்டு. அங்கிருக்கும் எங்கள் உறவுகளுக்கு அது தெரியும். இலங்கை மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 28 ஆவது உறுப்புரை, வறுமையில் வாழும் குடும்பங்களுக்கு ஓய்வுப் பராமரிப்பு உட்பட அரச உதவி கிடைக்கவேண்டும் என்கிறது. கிழமையில் இரண்டு மணித்தியாலம் வேறொருவர் வந்து பிள்ளையோடு இருப்பதுதான் ஓய்வுப் பராமரிப்பு. தாய் அந்த நேரத்தில் தன் முதுகுவலிக்கு மருந்தெடுக்கப் போகலாம், ஒரு செத்தவீட்டுக்குப் போகலாம், அல்லது நித்திரை கொள்ளலாம். இதைச் செய்ய ஒரு பயிற்சிபெற்ற அயலவரும் சிறு வேதனமும் போதும். நான் சந்தித்த மூன்று தாய்மார் தங்களுக்குள் முறைவைத்து இதைச் செய்கிறார்கள். செவ்வாய் ஒருவர், வியாழன் ஒருவர். ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது என்ன செய்வதென்று மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து அடுத்த நாற்காலிக்குக் காசு அனுப்ப இருப்பவர்கள் இப்படியான மூன்று பேருக்கு ஒரு வருட வேதனம் கொடுப்பதைப் பற்றியும் யோசிக்கலாம்.