ஹொனலூலுவில் அணைந்த தெருவிளக்குகள்

1962 ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஹவாயின் தலைநகரான ஹொனலூலுவில் சில ஓட்டல்கள் மொட்டைமாடியில் விருந்து ஏற்பாடு செய்திருந்தன. விருந்தினர்களுக்குக் காட்டவிருந்த வேடிக்கை, ஒரு ஹைட்ரஜன் குண்டு. அமெரிக்க அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்ட சோதனை அது; ஒளிவுமறைவு ஏதும் இல்லை. இரவு 11 மணி அடித்து ஒன்பதாவது விநாடியில், தென்மேற்கே சுமார் 1,450 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஜான்ஸ்டன் தீவின் பக்கத்தில், 400 கிலோமீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. வானம் பளீரென்று வெளுத்தது. பிறகு பச்சை, பிறகு சிவப்பு. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அதே நொடியில், ஹொனலூலு இருக்கும் ஓவாஹு தீவில் முப்பது வரிசைத் தெருவிளக்குகள் அணைந்தன. மொத்தம் சுமார் 300 விளக்குகள். திருட்டைத் தடுக்க வைத்திருந்த அலாரங்கள் தாமாகவே அலறின. சில இடங்களில் சர்க்யூட் பிரேக்கர்கள் விழுந்தன. கவாய் தீவுக்கான தொலைபேசி மைக்ரோவேவ் இணைப்பு பழுதாகி, வெளியூர் அழைப்புகள் தடைபட்டன.

இந்தச் சோதனைக்கு ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். மின்காந்தத் துடிப்பு, அதாவது இ.எம்.பி. ஆயுதம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த இரவு வானத்தின் வர்ணங்களில் மயங்கிப்போய்விடுகிறார்கள். தொலைபேசி இலாகாவில் கம்பியோடும் கேபிளோடும் மாரடித்து ஓய்வு பெற்றவன் நான். என் கண் போவது அணைந்த விளக்குகளின் மேல்தான். எது போயிற்று, எது போகவில்லை, ஏன்? எந்த ஃபால்ட்டுக்கும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இ.எம்.பி. பற்றிய பீதிக்கும் கேலிக்கும் உள்ள பதிலும் இங்கேதான் கிடைக்கிறது.

அந்தக் காலத்துத் தெருவிளக்குகள் பல ஊர்களில் தொடர் இணைப்பில் ஓடின. ஒரே கம்பி, அதில் அடுத்தடுத்து விளக்குகள், கடைசியில் திரும்பி வந்து சேரும் ஒரு பெரிய வளையம். ரேடியோ படித்தவர்களிடம் கேளுங்கள், இந்த வளையத்துக்கு வேறு பெயர் சொல்வார்கள்: ஏரியல். ஆகாயத்தில் வரும் மின்காந்த அலையைப் பிடித்து மின்னோட்டமாக மாற்ற இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. நகரம் முழுவதும் இருந்த விளக்குகளில் அணைந்தது நூற்றில் ஒரு பங்குதான். வளையம் கிடந்த திசையும் நீளமும் எங்கே வாகாக அமைந்ததோ அங்கே ஃபியூஸ் போயிற்று. சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் விட்டிட்டோ 1989-இல் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். விளக்குகளை அணைத்தது குண்டின் துடிப்புதான் என்று கொள்வதற்குக் கணக்கு இடம் கொடுத்தது. சம்பவம் நடந்து 27 வருடம் கழித்து!

குண்டு வைத்தவர்களுக்கே இவ்வளவு பெரிய துடிப்பு எதிர்பாராத விஷயமாக இருந்தது என்பதை நம்ப முடிகிறதா? துடிப்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1945-இல் முதல் அணுகுண்டுச் சோதனையின்போதே என்ரிகோ ஃபெர்மி எச்சரித்து, அளவுக் கருவிகளின் கம்பிகளுக்கு உறை போட வைத்தார். 1958-இல் இதே ஜான்ஸ்டன் தீவில் உயரத்தில் குண்டுகள் வெடித்தபோது பசிபிக் வட்டாரத்தில் ரேடியோத் தொடர்பு பல மணி நேரம் கெட்டது. ஆனால் ஸ்டார்ஃபிஷ் தந்த துடிப்பு, கணித்ததைவிடப் பல மடங்கு பெரியது. அளவுக் கருவிகளின் முள் எல்லை தாண்டிப் போய்விட்டது. காரணத்தை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் விளக்கியவர் கான்ராட் லாங்மயர் என்ற இயற்பியலாளர். குண்டிலிருந்து கிளம்பும் காமா கதிர்கள் 20 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்களை மோதி எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. அந்த எலெக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் வளைக்கிறது. கோடிகோடியாக எலெக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் வளையும்போது, கீழே கண்ணுக்கெட்டிய நிலப்பரப்பு முழுவதன்மீதும் ஒரே அடியாக ரேடியோ அலை கொட்டுகிறது. இதற்குக் குண்டு தரையைத் தொட வேண்டியதில்லை, உயரம்தான் முக்கியம்.

ஜான்ஸ்டன் தீவைப் பற்றி இரண்டு வார்த்தை. பவளப்பாறை வளையத்தில் அமைந்த துக்கடாத் தீவு. 1926-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு கடற்படை வந்தது, விமான ஓடுதளம் வந்தது, ஏவுதளம் வந்தது. ஸ்டார்ஃபிஷ் முதல் முயற்சி 1962 ஜூன் 20 அன்று ஏறிய ஒரு நிமிடத்துக்குள் எஞ்சின் நின்று, குண்டைச் சுமந்த தோர் ஏவுகணையை வானத்திலேயே தகர்க்க வேண்டியதாயிற்று. புளூட்டோனியம் ஒட்டிய சிதறல்கள் தீவிலும் கடலிலும் விழுந்தன. ஜூலை 25-இல் இன்னொரு ஏவுகணை மேடையிலேயே வெடித்து, இடம் முழுக்கக் கதிரியக்கம். பறவைகளுக்கு யாரும் அறிவிப்பு கொடுத்ததாகத் தெரியவில்லை.

வானத்திலும் சேதம் இருந்தது. வெடிப்பில் பிறந்த எலெக்ட்ரான்கள் பூமியைச் சுற்றி ஒரு செயற்கைக் கதிர்ப் பட்டையாகத் தங்கிவிட்டன. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல் 1 அந்த ஏப்ரலில்தான் ஏறியிருந்தது. அதன் சோலார் தகடுகள் கெட்டன. உலகின் முதல் தொலைக்காட்சி நேரலையை அட்லாண்டிக் தாண்டி அனுப்பிய டெல்ஸ்டார், குண்டு வெடித்த மறுநாள் ஏவப்பட்டது. என்ன ஒரு சகுனம்! 1963 பிப்ரவரியில் அது நிரந்தரமாக வாயடைத்துப் போனது.

இதுவரை சொன்னது கடலுக்கு மேல் நடந்த கதை. சோவியத் யூனியன் தன் சொந்த மக்கள் வாழும் நிலத்துக்கு மேலேயே செய்து பார்த்தது. 1962 அக்டோபர் 22. கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றி அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் பேசிய அதே நாள். கஜகஸ்தானின் ஜெஸ்கஸ்கன் பகுதிக்கு மேலே 290 கிலோமீட்டர் உயரத்தில், 300 கிலோ டன் குண்டு. ஸ்டார்ஃபிஷ் 1.4 மெகா டன். அதோடு ஒப்பிட்டால் இது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

அங்கே 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசி மேல்வழிக் கம்பி ஒன்றை விஞ்ஞானிகள் முன்கூட்டியே அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடையிடையே ரிப்பீட்டர் நிலையங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஃபியூஸும், வாயு நிரப்பிய அரெஸ்டரும் காவல். துடிப்பு இறங்கியதும் எல்லா ஃபியூஸும் எரிந்தன. எல்லா அரெஸ்டரும் வேலை செய்தன. கம்பியில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடியிருக்கிறது.

இந்த விவரத்தைப் படித்தபோது நான் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அரெஸ்டர் எங்களுக்குத் தினசரிச் சாமான். எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். என்று ஒரு பெரிய இரும்புச் சட்டம் இருக்கும். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் முதலில் அதில்தான் வந்து உட்காரும். ஜோடிக்கு ஒரு ஜி.டி. ட்யூப்: சுண்டுவிரல் நகத்தளவு பீங்கான் உருளை, உள்ளே மந்த வாயு. கம்பியில் சில நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறினால் வாயு கடத்தத் தொடங்கி, வந்த மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பிவிடும். திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசியில் இடி இறங்கினால் மறுநாள் காலை எங்களுக்கு அதே வேலைதான். செத்துப்போன ட்யூபைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு சொருகினால் லைன் உயிர் பெற்றுவிடும். ஒரு மழைக்கு ஒரு தெரு, மிஞ்சினால் ஒரு வார்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அத்தனை ட்யூபும் ஒரே கணத்தில் வேலை செய்தது என்றால், அதன் பொருள் கம்பிக்காரனுக்குத்தான் முழுசாக உறைக்கும்.

அதைவிட வினோதம் தரைக்கு அடியில் நடந்தது. அஸ்தானா பகுதியிலிருந்து அல்மாட்டி வரை சுமார் 1,000 கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டருக்கும் அதிக ஆழத்தில் புதைத்திருந்த மின்கேபிளின் பாதுகாப்பு சாதனங்கள் விழுந்தன. கரகண்டா மின்நிலையத்தில் தீப்பிடித்தது. புதைத்த கேபிளை விரைவான துடிப்பு எட்டுவது கடினம். அதை எட்டியது துடிப்பின் மெதுவான கடைசிப் பகுதி. வெடிப்பின் நெருப்புக்கோளம் பூமியின் காந்தப்புலத்தைத் தள்ளி ஆட்டுவதால், பல விநாடிகள் நீடிக்கும் மந்தமான மின்னோட்டம் நீண்ட கம்பிகளில் ஊறுகிறது. இந்த விவரமெல்லாம் வெளியுலகத்துக்குக் கிடைத்தது சோவியத் யூனியன் கலைந்த பிறகு, 1990-களில்தான்.

மெதுவான அந்தப் பகுதிக்கு அணுகுண்டே தேவையில்லை, சூரியனும் செய்யும். 1859 செப்டம்பர் 2 அன்று சூரியப்புயல் அடித்தபோது அமெரிக்காவில் பாஸ்டனிலும் போர்ட்லண்டிலும் இருந்த தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வானத்திலிருந்து கம்பியில் ஏறிய மின்சாரத்தை மட்டும் வைத்துச் சுமார் இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறினார்கள். தந்தி இலாகாவில் இதைவிடச் சுவாரசியமான டியூட்டி யாருக்கும் வாய்த்திருக்காது. அதே புயலை நம் நாட்டில் பம்பாய் கொலாபா காந்த ஆய்வகத்தில் கையால் குறித்து வைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிந்த அந்தப் பதிவை இன்றைக்கும் உலக விஞ்ஞானிகள் எடுத்தாளுகிறார்கள். அந்த ஆய்வகமே பிறகு ஊர் மாற வேண்டியதாயிற்று. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் காந்தமானிகளைக் கெடுக்கும் என்று 1904-இல் அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள்.

சூரியனின் அடிக்கு நம் காலத்துச் சாட்சி கனடாவின் கியூபெக் மாகாணம். 1989 மார்ச் 13 விடியுமுன், சுமார் ஒன்றரை நிமிடத்துக்குள் மாகாணத்தின் மின்கட்டமைப்பு முழுவதும் படுத்தது. அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அமெரிக்காவில் நியூஜெர்சியின் சேலம் அணுமின் நிலையத்தில் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிக் கெட்டது.

ராணுவங்கள் என்ன செய்தன? பணத்தைக் கொட்டின. நியூமெக்சிகோவின் கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தில் 1970-களில் டிரெஸ்டில் என்றொரு பிரம்மாண்ட மேடையை முழுக்க மரத்தில் கட்டினார்கள். உலோகம் அளவைக் கெடுத்துவிடும் என்று ஆணிகூட அடிக்கவில்லை. அதன் மேல் பி-52 குண்டுவீச்சு விமானத்தை நிறுத்தித் துடிப்பை அடித்துப் பார்த்தார்கள். 1976-இல் சோவியத் விமானி விக்டர் பெலென்கோ மிக்-25 விமானத்தோடு ஜப்பானில் வந்து இறங்கியபோது, பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே பழைய ரேடியோ வால்வுகளைக் கண்டு சிரித்தார்களாம். இ.எம்.பி.யைத் தாங்கத்தான் வால்வு வைத்தார்கள் என்று பின்னால் ஒரு கூற்று கிளம்பியது. அன்றைய சோவியத் தொழிற்சாலையில் கைவசம் இருந்ததை வைத்தார்கள் என்பதே என் அனுமானம். ஆனால் ஒன்று உண்மை: வால்வு அடி தாங்கும், டிரான்சிஸ்டர் அவ்வளவு தாங்காது, இன்றைய சிப் அதிலும் கேவலம்.

ஹொனலூலுவில் நூற்றுக்கு 99 விளக்குகள் எரிந்தனவே, அப்புறம் என்ன பயம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். 1962-இன் ஹொனலூலுவில் சிப் கிடையாது. போனது ஃபியூஸ், மாற்றினார்கள், எரிந்தது. இன்றைக்குத் துணைமின் நிலையத்து ரிலேகூட ஒரு கம்ப்யூட்டர். நம் ஜி.டி. ட்யூப் மின்னலுக்கு ஏற்றது. மின்னல் ஏறுவதற்கு மைக்ரோ விநாடிகள் எடுத்துக்கொள்ளும். இந்தத் துடிப்பு சில நானோ விநாடிகளில் உச்சிக்குப் போய்விடும். ட்யூப் கண் விழிப்பதற்குள் திருடன் வீட்டுக்குள்ளே இருப்பான்.

மறுபக்கம், சினிமாக்காரர்களும் அவர்களை நம்புகிறவர்களும். 1995-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் கோல்டன் ஐ, ஒரு துடிப்பில் ஊரையே முடக்குகிறது. ஓடும் கார்களெல்லாம் அப்படியே செத்து நிற்கும் என்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த இ.எம்.பி. ஆணையம் 37 கார்களைச் சோதனைக்கூடத்தில் வைத்து அடித்துப் பார்த்தது. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்று நின்றன. சாவியைத் திருப்பியதும் மறுபடி ஓடின. அணைத்து வைத்திருந்த கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2008-இல் வந்த அறிக்கையில் இது இருக்கிறது. ஆனால் அதே அறிக்கை மின்கட்டமைப்பைப் பற்றிக் கவலைப்படுகிறது. அந்தக் கவலையோடு எனக்கு உடன்பாடு. பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் கடையில் போய் வாங்க முடியாது. ஆர்டர் கொடுத்து, செய்து, கப்பலேற்றிக் கொண்டுவர ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும். ஒரே நாளில் பத்து எரிந்தால்?

என் தீர்ப்பு இது. கருவிகளை மூடும் இரும்புப் பெட்டி, அரெஸ்டர், உதிரி டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வேண்டும். சூரியனுக்காகவாவது அவற்றைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் இத்தனை வருடம் நம் விளக்குகளைக் காத்து நின்றது இவை எதுவும் அல்ல, ஒரு காகிதம். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்ட பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம். காற்றிலும் கடலடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடிக்கக் கூடாது என்றது அது. இந்தியாவும் அதே ஆண்டில் சேர்ந்தது. 1967-இன் விண்வெளி ஒப்பந்தம், சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் நிறுத்தக் கூடாது என்று இன்னொரு பூட்டைப் போட்டது.

அந்தப் பூட்டை உறுதிப்படுத்தி, விண்வெளியில் அணு ஆயுதம் வைக்க மாட்டோம் என்று எல்லா நாடுகளும் மறுபடி சொல்லட்டும் என்றொரு தீர்மானத்தை அமெரிக்காவும் ஜப்பானும் 2024 ஏப்ரல் 24 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் கொண்டுவந்தன. பதின்மூன்று நாடுகள் ஆதரித்தன. சீனா வாக்களிக்கவில்லை. ரஷ்யா வீட்டோ செய்தது.