இரண்டு எழுத்தில் நின்ற கம்ப்யூட்டர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு என்னய்யா எழுத வரும்?" என்று நழுவப் பார்த்தேன். மனுஷர் விடவில்லை. 1998-ல் விடுதியில் நான் செய்த திருவிளையாடலை என் செட்டுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் வரலாற்றையே எழுதிவிடுகிறேன்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டு வாழ்வது புதிதல்ல. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றதும் நான் துணிந்து இறங்கியதற்கு அதுவும் காரணமோ என்னவோ!

அறைத்தோழர்கள் நாலு பேர் காசு போட்டு, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டிய கம்ப்யூட்டர் அது. உள்ளே விண்டோஸ் 95. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் மாணவராக இருந்தபோது 1991-ல் வெளியிட்ட லினக்ஸ், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சி.டி.யாக எங்கள் கைக்கும் வந்தது. இரண்டையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைக்க ஆசைப்பட்டேன்.

இந்த ஆசைக்கு இடம் வைத்தது 1983-ல் பி.சி. டாஸ் 2.0 வந்தபோது. டிஸ்க்கை நான்கு பாகம் வரை பிரிக்கலாம் என்று வந்தது அப்போதுதான். அந்தக் கணக்கு டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும். மொத்தம் 512 பைட். பாகங்களின் பட்டியலுக்கு 64, முத்திரைக்கு 2, மிச்சம் 446 பைட்டில் கம்ப்யூட்டரை எழுப்பும் சின்ன புரோகிராம். அந்த 446 பைட் யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததே சட்டம். விண்டோஸ் 95 வந்தால் அதைக் கேட்காமலே தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும். அதனால்தான் 'முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்' என்று வழக்கம் வந்தது.

நானும் வழக்கப்படி டிஃப்ராக் ஓட்டினேன். ஃபிப்ஸ் கொண்டு பாகம் பிரித்தேன். லினக்ஸை ஏற்றி, எழுப்புகிற வேலையை லிலோவிடம் கொடுத்தேன். திரும்ப ஆன் செய்தால், திரையில் எல், ஐ என்று இரண்டே எழுத்து. அப்படியே நின்றுவிட்டது.

லிலோ தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத்தான் காட்டும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி தாண்டியதற்கு அடையாளம். டிஸ்க்கின் அளவை பயாஸ் ஒரு மாதிரியும் லிலோ வேறு மாதிரியும் கணக்கிட்டால் இரண்டாம் எழுத்தோடு நின்றுவிடும். இது எனக்கு அன்று தெரியாது. பதறிப்போய் டிஸ்க்கை முழுதும் ஃபார்மட் செய்தேன். அறைத்தோழன் ஒருவனின் ஒரு மாத பிராஜெக்ட் அதோடு போயிற்று. ஒப்படைக்கப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

சிப்காட்டில் வேலை பார்த்த சீனியர் ஒருவர் பிறகு சொன்னார்: "டேய், வாசல் பூட்டு கெட்டா வீடே இடிஞ்சிடுமா? ஃபைல் எல்லாம் உள்ளேயே இருந்திருக்கும்டா. ஸ்டார்ட்அப் பிளாப்பி போட்டு எஃப்டிஸ்க் எம்பிஆர்னு ஒரு வரி அடிச்சிருந்தா விண்டோஸ் எழுந்திருக்குமே!" லினக்ஸை ஏற்றியதைவிட அவசரத்தில் ஃபார்மட் செய்ததுதான் என் தப்பு. அது இன்றும் உறுத்துகிறது.

என் நண்பன் திட்டவே இல்லை. "போனது போச்சு. வா, டீ குடிச்சிட்டு வந்து டைப் அடிக்கலாம்" என்றான். பதினோரு இரவு இருவருமாக உட்கார்ந்தோம். முடித்தும் விட்டான்.

காலம் மாறியது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. நாங்கள் ராத்திரி முழுக்க விழித்துச் செய்ய நினைத்ததை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் பெட்டியைத் திறந்ததுமே பார்த்தார்கள்! இப்போது யூ.இ.எஃப்.ஐ. வந்த பிறகு ஒவ்வொரு சிஸ்டத்தின் எழுப்பும் புரோகிராமும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கிறது. 446 பைட்டுக்காகச் சண்டை இல்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வார்த்தை: தாராளமாகச் செய்து பாருங்கள். ஆனால் முதலில் பேக்கப். பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். திரை நின்றுவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு, எந்தப் படியில் நின்றது என்று யோசியுங்கள்.

இந்தச் சந்திப்புக்கு அந்த நண்பனும் வருகிறான். டீக்காசு என்னுடையது.