செயன்முறையின் பொருளைக் கணினிக்கு உணர்த்தல்

வெள்ளவத்தையிலுள்ள பலசரக்குக் கடையொன்றில் இருப்புக் குறைகின்றது. கொட்டாஞ்சேனை மொத்த வியாபாரியிடம் விலை கேட்டல், கட்டளை கொடுத்தல், வங்கியூடாகப் பணஞ் செலுத்தல், சரக்கைப் பொறுப்பேற்றல் எனப் பல படிகள் தொடர்கின்றன. இத்தொடரே வணிகச் செயன்முறையாகும். இதன் ஒவ்வொரு படியையும் பிற நிறுவனங்களின் கணினிகள் நிறைவேற்றத்தக்க வேண்டுகோளாக மாற்றுவது எங்ஙனம்?

இத்துறையில் இலங்கையரின் பங்களிப்புச் சிறிதன்று. 2002ஆம் ஆண்டில் ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட், பீ.ஈ.ஏ. ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட 'பீப்பெல்' எனும் செயன்முறை மொழியை ஆக்கியோருள் கலாநிதி சஞ்ஜீவ வீரவரணவும் ஒருவர். இணையச் சேவைகளை விபரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். மொழியின் ஆக்கத்திலும் அவர் பங்குகொண்டார். 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை ஆரம்பித்தவர்களுள்ளும் அவர் ஒருவர். பீப்பெல் 2007இல் 'ஒயாசிஸ்' அமைப்பின் நியமமாயிற்று.

எனினும், இம்மொழிகள் செய்தியின் வடிவத்தையே கூறுகின்றன. அதன் பொருளைக் கூறுவதில்லை. 'விலை' என்பது வரி உட்பட்டதா, நீங்கலானதா? ரூபாவா, டொலரா? இக்குறையை நீக்கவே பொருளுணர் சேவைகள் முன்வைக்கப்பட்டன. உலகளாவிய வலை இணையத்திடம் 2004இல் சமர்ப்பிக்கப்பட்ட ஓ.டபிள்யூ.எல்.-எஸ். முறை, ஒவ்வொரு சேவையினதும் உள்ளீடு, வெளியீடு, முன்நிபந்தனை, விளைவு ஆகிய நான்கையும் பொதுவான கருத்தகராதியொன்றுடன் இணைக்கின்றது. செயன்முறையின் படியும் அவ்வாறே குறிக்கப்படுமாயின், "இன்ன கணினியை அழை" என்றல்லாது, "இன்ன பயன் வேண்டும்" என்றே வேண்டுகோள் அமையும். பொருத்தமான சேவையைக் கணினியே தேர்ந்துகொள்ளும். 2007இல் டபிள்யூ.எஸ்.டி.எல். விபரிப்பிலேயே பொருட்குறிப்புச் சேர்க்கும் எளிய முறையொன்றும் பரிந்துரைக்கப்பட்டது.

இவை ஆய்வுகூடங்களுக்கு வெளியே பரவலாக வழக்கிற்கு வரவில்லை. கருத்தகராதியை ஆக்குவதற்குப் பெருமுயற்சி வேண்டியிருந்தமை அதற்கொரு காரணமாகும். ஆயினும் பிரச்சினை மறைந்துவிடவில்லை.

'விவாகப் பதிவு' எனும் சொல்லை நோக்குவோம். இலங்கையில் பொது விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு நடைமுறைகளை வகுத்துள்ளன. முஸ்லிம் சட்டத்தின்கீழ், பதிவின்மை ஒன்றினாலேயே விவாகம் செல்லுபடியற்றதாகிவிடாது. இவ்வேறுபாட்டை அறியாத கணினி, சட்டபூர்வமான மனைவியொருத்தியை 'விவாகமாகாதவர்' எனக் கணிக்கக்கூடும். அவளது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், தவறு எங்கு நேர்ந்ததென்று கருமபீடத்திலுள்ள அலுவலருக்கும் விளங்காது.

ஆகவே, அரச சேவைகள் கணினிமயமாகும்போது சொற்களை மொழிபெயர்த்தால் மாத்திரம் போதாது. அவற்றின் பொருள் வரையறுக்கப்படும் வேளையிலேயே தமிழ் பேசும் மக்களின் வழக்கமும் சட்டமும் அறிந்தோர் அங்கு இடம்பெறல் வேண்டும்.