பயங்கரவாதத் தடைச் சட்டம்: பணமில்லா உதவியும் ஊவாத் தோட்டங்களும்

தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்குப் பணம் கொடுப்பது மட்டுமே குற்றம் என்று இலங்கைச் சட்டம் ஒருபோதும் கருதியதில்லை. 1978இல் விடுதலைப் புலிகளையும் அதையொத்த இயக்கங்களையும் தடைசெய்த சட்டத்தை அடுத்து, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தேடப்படுபவரை ஒளித்து வைப்பது அதில் குற்றம். 5ஆம் பிரிவின்படி, தெரிந்தும் பொலிசுக்குச் சொல்லாதிருந்தாலே ஏழாண்டு வரை சிறை. மூன்றாண்டுக்கென்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமானது. மலையகத்தைத் தொட்ட ஒரு பெரிய வழக்கு காந்தியம் அமைப்பினுடையது. 1977 கலவரத்தில் அடிபட்டு வந்த தோட்டக் குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியமர்த்திய அதன் தலைவர்கள் டேவிட்டும் டாக்டர் ராஜசுந்தரமும் 1983 ஏப்ரலில் கைதாயினர். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். காந்தியத்துக்குள் இயக்கத்தார் சிலர் இருந்தது உண்மைதான். ஆனால் அகதிக்கு நிலம் காட்டியதையும் இயக்கத்துக்கு ஆள் சேர்த்ததையும் பிரித்துப் பார்க்கும் அளவுகோல் எதுவும் சட்டத்தில் இருக்கவில்லை.

இந்தக் குறை ஊவாவின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் கூடுதலாகவே உறுத்தும். லயத்துக் காம்பராவில் இரவில் வந்த விருந்தாளி விடிவதற்குள் பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் தெரிந்தவராகிவிடுவார். வன்னியிலிருந்து வரும் கடிதமும் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் கைக்கு வரும். வந்தவர் யாரென்று கேட்காமல் சோறு போடுவது உறவு முறை. சட்டத்தின் கண்ணில் அதுவே புகலிடம்.

உதவி எதுவானாலும் இயக்கத்தின் கையிருப்பை மிச்சப்படுத்தும் என்பது எதிர்வாதம். புலிகளுக்கும் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கும் சமாதான வழிகளைக் கற்றுத்தருவதுகூடக் குற்றமாகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 ஜூனில் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்ததும் இந்த வாதத்தின் வலுவில்தான். பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் அது பொருந்தலாம். ஒரு வேளைச் சோற்றுக்குப் பொருந்தாது. ‘தெரிந்திருந்தால்தானே குற்றம்?’ என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவி பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்று, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிறுவும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே வைக்கிறது. ஆக, ‘தெரிந்தது’ என்பது விசாரணை அறையிலேயே உருவாகிவிடலாம்.

தீர்ப்பின்றித் தடுத்து வைப்பதன் விலையையும் ஊவா கண்டது. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் சரணடைந்தவர்களோடு வெறும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களும் இருந்தனர். 2000 அக்டோபர் 25 அன்று கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தவர்களை உச்ச நீதிமன்றம் 2005இல் விடுவித்தது. தடுப்புக்காவலின் உச்ச அளவை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது; 5ஆம், 16ஆம் பிரிவுகளை அது தொடவில்லை.