ராட்சசன் எலும்பும் ஆட்டுக்கால் சூப்பும்

சில வருடங்களுக்கு முன் சின்னமனூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் வீடு கட்ட வானம் தோண்டினார். மூன்றடி ஆழத்தில் நீளமாக ஓர் எலும்பு வந்தது. ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். "மனுசன் கால் எலும்பு சார்" என்றார் ஒருவர். "அந்தக் காலத்து ஆளு, ராட்சச உடம்பு" என்றார் இன்னொருவர். இரண்டு நாள் வேலை நின்றது, கூலியும் நின்றது. போலீசுக்குச் சொல்வதா, பரிகாரத்துக்கு நாள் பார்ப்பதா என்று குழம்பிய வீட்டுக்காரர் எலும்பைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தார்.

நான் டாக்டர் அல்ல, குமாஸ்தா. ஆனால் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பாரிஸ் அறிஞர் க்யூவியேயை (1769-1832) சிறு வயதிலேயே தெரியும். ஓர் எலும்பைக் கொண்டே அது எந்த இனத்து மிருகம் என்று சொல்லலாம் என்று காட்டியவர் அவர். மாணவன் ஒருவன் கொம்பும் குளம்புமாகப் பிசாசு வேடம் போட்டு "உன்னைத் தின்பேன்" என்று நள்ளிரவில் மிரட்டினானாம். "கொம்பு, குளம்பு இரண்டும் இருக்கிறது. நீ புல்தான் தின்பாய்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்தாராம். உண்மையோ கட்டுக்கதையோ, பாடம் சரிதான்.

ராட்சச எலும்பு என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய்க்காக ஒரு மேட்டை வெட்டியபோது பெரிய எலும்புகள் கிடைத்தன. சில பாதி கல்லாகியிருந்தன. அவற்றில் மனிதனின் முன்கை எலும்பு மூன்று கஜ நீளம் இருந்தது என்று பெரிஷ்டா எழுதி வைத்தார். அத்தனை நீள முன்கை எந்த மனிதனுக்கு உண்டு? ஏதோ பெரிய மிருகத்தின் கால் எலும்பாகத்தான் இருந்திருக்கும்.

ஐந்நூறு வருடம் கழித்து அதை அவிழ்த்தவர்களில் ஒருவரும் கால்வாய்க்காரர்தான். நமக்குப் பென்னிகுயிக் எப்படியோ, வடக்கே காட்லி அப்படி. 1854இல் திறந்த கங்கைக் கால்வாய் அவர் கட்டியது. அதற்கு முன்பே 1830களில், சகரன்பூர் தாவரத் தோட்டத்தில் இருந்த டாக்டர் பால்கனருடன் சேர்ந்து சிவாலிக் மலைகளில் கல்லான எலும்புகளைச் சேகரித்தார். ஒப்பிட அங்கே அருங்காட்சியகம் இல்லை, புத்தகமும் இல்லை. இருவரும் சுற்றுக் காடுகளில் வாழ்ந்த மிருகங்களின் எலும்புக்கூடுகளைத் தயார் செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான, மாபெரும் சிவதீரியத்தை 1836இல் உலகுக்கு அறிவித்தார்கள். 1837இல் இருவருக்கும் லண்டன் புவியியல் சங்கம் ஊலாஸ்டன் பதக்கம் கொடுத்தது.

அவர்கள் வழியையே நானும் பிடித்தேன். கறிக்கடையில் ஓர் ஆட்டுக்கால் வாங்கி வேகவைத்துச் சதையை எடுத்தேன். சூப்பு வீட்டுக்கு, எலும்பு எனக்கு. குளம்புக்கு மேலே உள்ள நீள எலும்பைப் பாருங்கள். முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். இரண்டு எலும்புகள் ஒட்டி ஒன்றானதன் தழும்பு அது. கீழ் முனையில் கிணற்றுக் கப்பி போல இரண்டு உருளைகள், பிளந்த குளம்பின் இரு பாதிக்கும் ஒவ்வொன்று. ஆடு, மாடு, எருமை, மான், ஒட்டகச்சிவிங்கி எல்லாவற்றுக்கும் அளவு மாறும், இந்த அமைப்பு மாறாது. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, ஆகவே ஒரே உருளை, பக்கங்களில் மெல்லிய குச்சி எலும்புகள் இரண்டு. காண்டாமிருகத்துக்கு மூன்று விரல், மூன்றும் தனித்தனி எலும்பு. மனிதக் காலில் இந்த இரட்டை உருளை கிடையவே கிடையாது.

சாக்கிலிருந்த எலும்பில் கோடும் இருந்தது, இரட்டை உருளையும் இருந்தது. ஆட்டெலும்பின் பெரிய பிரதி. இலேசாக இருந்தது, கல்லாகவில்லை. யாரோ புதைத்த உழவு மாடு. இரண்டையும் வானத்து ஓரத்தில் வைத்து ஆட்களிடம் காட்டினேன். மூத்த கொத்தனார் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார். "அட, நம்ம மாடுதான்யா" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

உங்கள் நிலத்தில் கல் போலக் கனக்கும் எலும்பு கிடைத்தால் மட்டும் உடைக்காதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். ராட்சசனை அப்புறம் பார்ப்போம். முதலில் ஆட்டுக்காலோடு வைத்துப் பாருங்கள்.