ஐ.டி வேலை கிடைச்சாச்சு... அடுத்து என்ன? ஜூனியர் டெவலப்பர்கள் முதல் 2 வருஷத்துல கத்துக்க வேண்டியது என்ன?

கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி ஆஃபர் லெட்டர் வந்துவிட்டால் வீட்டில் பெரிய நிம்மதி. சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளத்தை நம்பியிருக்கும் பெரம்பலூரிலும், சிமென்ட் ஆலைகளால் அறியப்படும் அரியலூரிலும் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் மாதச் சம்பள வேலை. ஆனால் வேலை கிடைப்பது வேறு, அதில் வளர்வது வேறு. ஜூனியர் டெவலப்பர்கள் எங்கே தேங்கி நிற்கிறார்கள்? எப்படி முன்னேறுவது? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் 2 வருஷம் ஏன் முக்கியம்?

பெரிய ஐ.டி சேவை நிறுவனங்களில் ஃப்ரெஷர் சம்பளம் பல ஆண்டுகளாகவே பெரும்பாலும் ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் என்ற அளவில்தான் இருக்கிறது. கல்விக் கடன், சென்னை அல்லது பெங்களூரு வாடகை போக மிஞ்சுவது குறைவு. சம்பளம் உயர, அடுத்த நிலைக்குப் போக வேண்டும். அல்லது வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டும். இரண்டுக்குமே வரும் கேள்வி ஒன்றுதான்: "இந்த ப்ராஜெக்ட்டில் நீங்களாகச் செய்தது என்ன?"

பல வருட அனுபவம் மட்டுமே பாதுகாப்பு என்றும் இனி சொல்ல முடியாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் அதிகம் பாதிக்கப்படுவது நடுநிலை, மூத்த நிலை ஊழியர்கள் என்றும் தெரிவித்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, எளிய கோடை எழுத்தாகத் தட்டும் வேலையை இயந்திரமே செய்கிறது. அது சரியா, தப்பா என்று சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு.

காலேஜ் வேற, கம்பெனி வேற

கல்லூரி லேபில் புதிதாக ஒரு ப்ரோகிராம் எழுதி, அவுட்புட் வந்ததும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. கம்பெனியில் அப்படி இல்லை. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய லட்சக்கணக்கான வரிகளில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்வார்கள். அதனால் மற்ற இடங்கள் உடையக் கூடாது. எனவே எழுதுவதைவிட வாசிப்பதுதான் முதல் பாடம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' மென்பொருளில், ஒவ்வொரு வரியையும் யார், எப்போது மாற்றினார்கள் என்பது பதிவாகியிருக்கும். மாற்றியவர் குறிப்பு எழுதியிருந்தால், ஏன் என்பதும் தெரிந்துவிடும்.

'பெரம்பலூர்' எத்தனை எழுத்து?

பெ, ர, ம், ப, லூ, ர் என 6 எழுத்து. ஆனால் பைத்தானில் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 10 என்று வரும். காரணம், யூனிகோட் முறையில் 'பெ' என்பது 'ப' என்ற எழுத்தும் கொம்புக் குறியும் சேர்ந்தது. 'ம்' என்பது 'ம' என்ற எழுத்தும் புள்ளியும் சேர்ந்தது. யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் அதே சொல் 30 பைட் ஆகிவிடும்.

ஒரு விண்ணப்பப் படிவத்தில் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது என்று புகார் வந்தால், வரம்பை மட்டும் 10-லிருந்து 50 ஆக மாற்றிவிட்டு "முடிஞ்சிருச்சு" என்பது ஒரு வகை. ஏன் வெட்டியது, இதே தவறு வேறு எங்கெல்லாம் இருக்கும் என்று தேடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் வளர்ச்சி.

கேள்வி கேட்கத் தயக்கமா?

சிறு ஊர்களில் இருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவர்களில் பலருக்கு இதுதான் பெரிய தடை. கல்லூரியில் "சார், மேடம்" என்று பழகியவர்களுக்கு, சீனியரைப் பெயர் சொல்லி அழைத்துச் சந்தேகம் கேட்பதே சங்கடம். இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்ற பயம் வேறு. விளைவு, அரை மணி நேரத்தில் தீர வேண்டிய சிக்கலோடு இரண்டு நாள் உட்கார்ந்திருப்பார்கள்.

"இது வொர்க் ஆகலை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. கேள்வியில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்:

• என்ன செய்ய முயன்றேன்
• என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்
• உண்மையில் என்ன நடந்தது (எர்ரர் மெசேஜை முழுசாகத் தர வேண்டும்)
• இதுவரை எதையெல்லாம் முயன்று பார்த்தேன்

இதை எளிய ஆங்கிலத்தில் நான்கே வரியில் எழுதலாம். பல நேரம், எழுதும்போதே விடை பிடிபட்டுவிடும். கோட் ரிவ்யூவில் 20 திருத்தம் வந்தாலும் அதைத் திட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே திருத்தம் மூன்றாவது முறையும் வந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

ஊரில் இருந்தே என்ன செய்யலாம்?

படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் திறன் பயிற்சிகள் உண்டு. ஐ.ஐ.டி பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். தமிழில் படிக்க விரும்புவோருக்குக் 'கணியம்' தளத்தில் கணினி நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ண உதவும் 'ஓப்பன்-தமிழ்' போன்ற திறந்த மூல மென்பொருள்களில் சின்னப் பிழையைத் திருத்தி அனுப்பினாலும், இன்டர்வியூவில் காட்ட ஒரு சான்று கிடைத்துவிடும்.

வேலைக்குச் சென்னைதான் ஒரே வழி என்றும் இல்லை. திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐ.டி பூங்கா இருக்கிறது. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது.

வளர்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்:

• போன முறை சீனியரிடம் கேட்ட சந்தேகத்தை, இப்போது தானே தீர்க்க முடிகிறதா?
• ஏ.ஐ எழுதிக் கொடுத்த கோடை வரி வரியாக விளக்க முடிகிறதா?
• ஒரு வேலையை ஆரம்பத்தில் இருந்து, பயனாளர் கைக்குப் போகும் வரை பொறுப்பெடுத்து முடித்தது உண்டா?
• புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ப்ராஜெக்ட்டைச் சொல்லித்தர முடியுமா?

மூன்றுக்கு "ஆமாம்" என்றால் சரியான பாதை. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால், கம்பெனி மாறும் முன் மேனேஜரிடம் வேறு வகை வேலை கேட்டுப் பார்ப்பது நல்லது. தீர்த்த பிழைகளைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அப்ரைசல் நேரத்தில் "நீங்களாகச் செய்தது என்ன?" என்ற கேள்விக்குத் தடுமாற வேண்டியிருக்காது.