கத்தோலிக்க உயர்நிலைக் கல்வியில் பாடத்திட்டமும் கற்றல் துணையும்: தமிழகச் சூழலில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர், கட்டடம், தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வகுப்பில் பின்தங்கிய மாணவனுக்குப் பள்ளி என்ன செய்தது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. பாடத்திட்டத்தை வகுக்கும் உரிமை பள்ளியிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் மாறியபோது, கற்றல் துணை அளிக்கும் பொறுப்பு என்னவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திட்டத்துக்குள் அமைந்த துணை

இயேசு சபையினரின் கல்வி நெறிநூலான ‘ராசியோ ஸ்டுடியோரம்’ 1599-இல் வெளியிடப்பட்டது. ஆசிரியர் பாடத்தை முன்விளக்கம் செய்தல், மாணவர் அதை மீளக் கூறுதல், சனிக்கிழமைதோறும் வாரப் பாடத்தைத் திரும்ப நோக்குதல் ஆகியன அதன் அடிப்படைகள். வகுப்பிலுள்ள சிறு குழுக்களுக்கு ‘தெக்கூரியோ’ எனப்பட்ட மாணவத் தலைவர்கள் இருந்தனர். சக மாணவர் ஒப்பிக்கும் பாடத்தைக் கேட்டுப் பிழைகளைக் குறிப்பது இவர்கள் பணி. இங்குக் கற்றல் துணை தனித்த ஏற்பாடன்று. அது பாடத்திட்டத்தின் உறுப்பு.

தமிழகத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மூத்த மாணவன் இளையோருக்குக் கற்பித்த இவ்வழக்கம் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டது. சென்னை ஆண் அநாதைகள் இல்லத்தை மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் உள்நாட்டுப் பள்ளி வழக்கத்தைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அவர் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர். எனினும் இம்மூன்று மரபுகளும் கற்போரையே கற்றல் துணையாகக் கொண்டன என்பது கருதத்தக்கது.

தேர்வின் வருகை

1773-இல் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814-இல் மீண்டும் நிறுவப்பட்டது. 1832-இல் திருத்தப்பட்ட அதன் கல்வி நெறி, தாய்மொழிக்கும் கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்கும் கூடுதல் இடமளித்தது. தமிழகத்துக்குத் திரும்பிய சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கினர். அது 1866-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது.

இவ்விணைப்பு நிறுவன நிகழ்வு மட்டுமன்று. 1854-ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை உதவிக்கொடை முறைக்கு வழிவகுத்தது. 1857-இல் பல்கலைக்கழகம் தோன்றியபின், நுழைவுத் தேர்வாகிய மெட்ரிகுலேஷனே உயர்நிலைப் பாடத்தின் எல்லையை வரையறுத்தது. கொடை பெற ஆய்வாளரின் ஏற்பும், மதிப்புப் பெறத் தேர்ச்சியும் தேவைப்பட்டன. மீளக்கூறல் என்னும் பயிற்சி தேர்வுக்கான மனப்பாடமாகச் சுருங்குவதற்கு இச்சூழல் இடமளித்தது. கற்றல் துணை பாட வேளைக்கு வெளியே, சிறப்பு வகுப்பாகவும் தனிப்பயிற்சியாகவும் விலகிச் சென்றது. 1911-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. முறை, மாணவரின் பள்ளிப் பணியையும் சான்றிதழில் பதிவு செய்ய முயன்றது. ஆயினும் நாளடைவில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே மேலோங்கியது.

பொதுப்பாடமும் சட்டப் பொறுப்பும்

மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டங்களை 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டு 9 அன்று அதன் நடைமுறையை உறுதிசெய்தது. தாம்பரம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களின் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் இதனால் பொதுப் பாடநூலுக்குள் வந்தன.

பாடநூல் பொதுவாயினும் துணை பொதுவாகவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலை வழங்குவதை ஆசிரியரின் கடமையாக்கியது. ஆனால் 2014 மே 6 அன்று வழங்கப்பட்ட பிரமதி வழக்கின் தீர்ப்பு, அரசமைப்பின் 30(1) பிரிவைக் காட்டிச் சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டத்தினின்று விலக்கியது. இத்தீர்ப்பு மீளாய்வுக்குரியதென 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு கருதியது. மேலும், அச்சட்டம் 6 முதல் 14 வயதினரையே தழுவுவதால், 9, 10-ஆம் வகுப்பு மாணவர் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

இவ்விடைவெளியை ஒருவகையில் நிரப்புவது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமாகும். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய அது வலியுறுத்துகிறது. எனினும் குறைபாடு எனச் சான்றளிக்கப்படாத, வறுமையாலோ இடப்பெயர்வாலோ பின்தங்கும் மாணவனை அச்சட்டம் எட்டுவதில்லை.

முடிவுரை

பாடத்திட்ட உரிமை பள்ளியை விட்டு நீங்கியபோது கற்றல் துணை பாடத்தின் உறுப்பு என்னும் நிலையை இழந்தது; சட்டம் அதைக் கடமையாக மீட்டபோது சிறுபான்மை உரிமை இடைநின்றது. நிறுவனத்தின் தன்னாட்சியைக் காக்க அமைந்த உரிமை, மாணவனின் கற்றலுக்கான பொறுப்பைச் சட்டத்தினின்று நிறுவனத்தின் மனச்சான்றுக்கு மாற்றியுள்ளது. ஆகவே, கத்தோலிக்கப் பள்ளி வரலாற்றாய்வு தேர்ச்சிப் பட்டியலோடு நில்லாமல், வகுப்பு மாற்றம், இடைநிற்றல், சிறப்பு வகுப்பு ஆகியவற்றின் பதிவேடுகளையும் ஆவணமாகக் கொள்ள வேண்டும். வெற்றிபெற்றோரின் பெயர்களை மட்டும் காக்கும் வரலாறு, பள்ளி எவ்வாறு கற்பித்தது என்பதற்குச் சான்றாகாது.